நெருக்கடிக் காலமும் தொழிற்சட்டமும்

புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயம் வட்டத்தில், கண்மாய்ப் பாசனத்தையும் வானம் பார்த்த செம்மண் நிலத்தையும் நம்பி வாழ்ந்துவரும் அரிமளத்தில் இருந்துகொண்டு, கிரேக்க தேசத்தின் குறைந்தபட்சக் கூலியையும் கொரியாவின் ஆட்குறைப்புச் சட்டத்தையும் பற்றி விசாரணை செய்வது முதற் பார்வையில் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும், நகரத்தார் ஊர்களுள் ஒன்றாய் விளங்கி, கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றவர்களின் நெடிய வீடுகளைத் தன் வீதிகளில் தாங்கி நிற்கும் இவ்வூரும், தோட்டக் கூலிகளாகக் கண்டிச் சீமைக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய ஏழைமக்களைத் தலைமுறை தலைமுறையாக அனுப்பிவைத்த இதன் சுற்றுப்புறமும், இன்று சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு மாதந்தோறும் பணம் வரும் நாளை எதிர்நோக்கியிருப்பவை. அயல்தேசத்துத் தொழிற்சட்டம் இப்பிரதேசத்துக்கு வெறும் பத்திரிகைச் செய்தியன்று. இங்கே அடுப்பு எரிவதும் அணைவதும் அதைப் பொறுத்தவை.

ஒரு தேசத்தின் வியாபாரம் சரிந்து, கஜானா வறண்டு, கடன் கொடுத்தவர்கள் வாயிலில் வந்து நிற்குங் காலத்தில், வேலை நேரம், குறைந்தபட்சக் கூலி, ஆட்குறைப்புக்கு நஷ்டஈடு, கூட்டுப்பேரம், ஓய்வூதியம் ஆகியவற்றை வரையறுக்கும் விதிகள் என்ன கதியை அடைகின்றன என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் விஷயம். இதற்கு வழக்கமாய்ச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. தொழிலாளியைக் காக்கும் சட்டங்கள் செழிப்பான காலத்துக்கே உரியவை; முடைக் காலத்தில் அவை முதலாளியின் கையைக் கட்டி வேலையின்மையைப் பெருக்குமாதலால் அவற்றைத் தளர்த்துவதே தர்மம் என்பது முதலாவது. நெருக்கடி ஒரு வியாஜமே; நெடுநாளாய் உள்ளத்தில் வைத்திருந்த எண்ணத்தை ஆளுவோரும் முதலாளிகளும் அதன் மறைவில் நிறைவேற்றிக்கொள்கிறார்கள் என்பது இரண்டாவது. இரண்டிலும் உண்மையின் கூறு உண்டு. ஆனால் ஒரே நெருக்கடி ஒரு நாட்டில் கூலியைக் குறைக்கும் ஆணையையும், அதே சில ஆண்டுகளுக்குள் மற்றொரு நாட்டில் கூலிக்கு வரம்பு கட்டும் சட்டத்தையும் பிறப்பித்திருப்பதை இவ்விரண்டு விடைகளாலும் விளக்க முடிவதில்லை. கண்மாய் நிறைந்திருக்கும் ஆண்டில் எந்த நீர்ப்பங்கீடும் நல்ல பங்கீடுதான். நீர் குறைந்த ஆண்டிலோ, மடை திறக்கும் முறையை நிர்ணயிக்கும் கூட்டத்துக்குக் கடைமடைக்காரன் அழைக்கப்பெற்றானா இல்லையா என்பதைக் கொண்டே அவன் பயிர் பிழைப்பதும் கருகுவதும் அமைகின்றன. தொழிற்சட்டத்தின் கதியும் அவ்வாறே என்பது இந்த ஆராய்ச்சியிலிருந்து நான் பெறும் துணிபு.

தோட்டக் கூலியும் உலகப் பெருமந்தமும்

முதற் சான்று நம் பிரதேசத்தாரின் அநுபவத்திலேயே கிடைக்கிறது. புதுக்கோட்டை சமஸ்தானமும் அதைச் சூழ்ந்த திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், ராமநாதபுரம் ஜில்லாக்களும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் கங்காணிகள் வாயிலாக ஆட்களை அனுப்பி வந்தன. மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பெற்றுத் தலைமன்னாருக்குச் சென்றோரும், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோரும் பெரும்பாலும் கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தைக் கடனாகச் சுமந்தே சென்றனர். 1922-ஆம் ஆண்டில் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பெற்று, கூலிகளை அனுப்புவதை நிறுத்திவைக்கும் அதிகாரமும் அயல்நாட்டில் ஏஜெண்டுகளை நியமிக்கும் அதிகாரமும் இந்திய சர்க்காருக்கு வாய்த்த பின்னரே, ஆள்வரவு நின்றுபோகுமோ என்னும் அச்சத்தால், அங்குள்ள சர்க்கார்கள் கூலியை வரையறுக்க முன்வந்தன. இலங்கையில் 1927-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலி உண்டென நிலைநாட்டிற்று. மலேயாவிலோ எளிதில் சென்றடையத்தக்க தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிர்ணயக் கூலியாயின.

இவ்விதிகள் வேரூன்றுமுன் 1929-ஆம் ஆண்டின் உலகப் பெருமந்தம் வந்து சேர்ந்தது. ரப்பர் விலை விழுந்ததும், 1930-ஆம் ஆண்டு அக்டோபரில், ஆணின் கூலி 40 காசாகவும் பெண்ணின் கூலி 32 காசாகவும் குறைக்கப்பெற்றன. விதியை மீறிக் குறைக்கவில்லை என்பதும், விதியையே தாழ்த்திவிட்டார்கள் என்பதும் இங்கே கவனிக்கத் தக்கவை. அதற்குமேலும் வேலையின்றி நின்றவர்களை என்ன செய்வது என்ற வினாவுக்கு, அவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிடுவதே விடையாயிற்று. 1930 முதல் 1932 வரையிலான மூன்றாண்டுகளில் ஏறத்தாழ இரண்டு லட்சம் இந்தியர்கள் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலையற்றோர்க்கு மலேயா அளித்த காப்புறுதி, ஊர் திரும்புவதற்கான கப்பல் சீட்டு மாத்திரமே. அந்த வேலையின்மையின் செலவு முழுவதையும் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்கள் ஏற்றுக்கொண்டன. இன்று பொருளாதார நிபுணர்கள் எந்த நாட்டின் தொழிற்சந்தையையாவது நெகிழ்ச்சியுள்ளது என்று புகழும்போது, அந்த நெகிழ்ச்சிக்கு வேறு எந்த ஊர் விலை கொடுக்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு இந்தச் சரித்திரத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

இலங்கையிலும் கதை வேறன்று. மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 1929-இல் 54 சதமாக நிர்ணயிக்கப்பெற்ற நாட்கூலி படிப்படியாக இறங்கி 1933-இல் 41 சதத்தில் வந்து நின்றது. சட்டப்படியான கூலி ஒருபுறமிருக்க, செக்ரோல் என்னும் பதிவேட்டில் பேர் விழும் நாட்களைக் குறைப்பதும், நிர்ணயித்த அளவு கொழுந்து பறியாதவர்க்கு அரைநாட் கூலியாக அரைப்பேர் போடுவதும் தோட்டத் துரைமாரின் கையில் எப்போதும் இருந்த உபாயங்களாகும். 1931-இல் இலங்கைக்கு வயதுவந்தோர் வாக்குரிமை வந்தபோதிலும், தோட்டத் தமிழர் விஷயத்தில் அது நிரந்தர வாசம் முதலான நிபந்தனைகளால் சுருக்கப்பட்டது. ஆகவே கூலியை நிர்ணயிக்கும் சபைகளில் அவர்களுக்காகப் பேசும் குரல் பெரும்பாலும் கண்டியிலிருந்த இந்திய ஏஜெண்டின் குரலாகவே இருந்தது.

அயலிடத்துச் சர்க்கார் ஒன்றின் குரலை மட்டும் நம்பியிருப்பதன் பலமும் பலவீனமும் அடுத்த சில ஆண்டுகளில் நன்கு வெளிப்பட்டன. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய சர்க்காரின் சார்பாக மலேயா சென்ற வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் நிர்ணயக் கூலியைப் பழைய அளவுக்கு உயர்த்தவேண்டுமெனப் பரிந்துரைக்க, 1937-இல் அது 50 காசாகவும் 40 காசாகவும் மீண்டது. மறு ஆண்டே ரப்பர் விலை மறுபடியும் சரிய, கூலி மறுபடியும் குறைக்கப்பெற்றது. அதற்கு மறுமொழியாக இந்திய சர்க்கார் 1938 ஜூனில் மலேயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் கூலிகளின் பயணத்தைத் தடுத்து நிறுத்தியது. 1939-இல் இலங்கை மந்திரிகள் சர்க்கார் இலாகாக்களில் தினக்கூலி பெற்றுவந்த இந்தியர்களை விலக்கி ஊருக்கு அனுப்பத் தீர்மானித்தபோதும், ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அவ்வாறே தடை பிறந்தது. அவ்வாண்டு ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்து சமாதானம் பேசியும் பயனில்லாமற் போகவே, இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றிற்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி போலீஸ் குண்டுக்கு இரையானதும், 1941-இல் மலேயாவின் கிள்ளான் பகுதி வேலைநிறுத்தம் ஆயுதபலத்தால் அடக்கப்பட்டதும் இதன் தொடர்ச்சி. பிறர் தமக்காகப் பேசிய காலத்தில் கூலி ஏறியும் இறங்கியும் நிலையற்றிருந்தது. தாமே சங்கங் கூடிப் பேசத் தொடங்கிய பின்னர்தான் தோட்டத் தொழிலாளர் எதிர்த்தரப்பாக மதிக்கப்பெற்றனர்.

அதே மந்தத்தில் பிறந்த எதிர்ச்சட்டங்கள்

இனி அதே காலத்து மேல்நாடுகளைப் பார்ப்போம். ஜெர்மனியில் புரூனிங் மந்திரிசபை பாராளுமன்றத்தை ஒதுக்கி அவசரச் சட்டங்களால் ஆண்டு, 1931 டிசம்பரில், கூட்டு ஒப்பந்தங்களால் நிர்ணயமான கூலிகளை 1927 ஜனவரியின் அளவுக்குத் தாழ்த்தி உத்தரவிட்டது. பட்ஜெட் சமனாக வேண்டும் என்ற வைராக்கியத்தில் பிறந்த அந்தச் சிக்கனம் வேலையின்மையைக் குறைக்கவில்லை என்பதும், ஓராண்டு கடந்த சின்னாட்களில் அத்தேசம் எவர் கையில் விழுந்தது என்பதும் உலகறிந்தவை. பிரிட்டனில் 1931-இல் வேலையற்றோர் உதவித்தொகை பத்து சதவிகிதம் வெட்டப்பட்டு, அதைப் பெறுவோரின் குடும்ப வருமானத்தைச் சோதிக்கும் முறையும் புகுந்தது. சம்பள வெட்டை எதிர்த்து இன்வர்கோர்டனில் கடற்படையினரே பணிக்குச் செல்ல மறுத்தனர்.

இதற்கு நேர்மாறாக அமெரிக்காவில் அதே மந்தம், 1935-இல் சங்கம் அமைக்கும் உரிமையையும் கூட்டுப்பேரத்தையும் உறுதிசெய்த வாக்னர் சட்டத்தையும், 1938-இல் மணிக்கு 25 சென்ட் என்னும் குறைந்தபட்சக் கூலியையும் வாரத்துக்கு 44 மணி என்னும் வேலை வரம்பையும் விதித்த நியாயத் தொழில்தரச் சட்டத்தையும் பெற்றெடுத்தது. பிரான்சில் 1936 ஜூனில், தொழிற்சாலைகளைத் தொழிலாளர் தம் வசப்படுத்தி அமர்ந்திருந்த வேளையில், மட்டின்யோன் ஒப்பந்தத்தை அடுத்து 40 மணி வாரமும் சம்பளத்துடன் கூடிய இருவார விடுமுறையும் சட்டமாயின. இந்தியாவிலும் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷனின் விசாரணைக்குப் பின்னர் 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்து வேலையை 60 மணியிலிருந்து 54 மணியாகக் குறைத்தது. 1936-இல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. எனினும் பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டங்கள் தாமாகவே சமஸ்தான எல்லைக்குள் செல்லுபடியாகவில்லை. வயற்கூலிக்கு அவை எந்த எல்லைக்குள்ளும் செல்லுபடியாகவில்லை. ஆதலின் அந்நாளைய அரிமளத்தில் பண்ணையாளுக்கும் சித்தாளுக்கும் விதி என்பது வழக்கமும் தயவுமே.

சுதந்திர இந்தியாவின் அநுபவம்

சுதந்திரத்துக்குப் பின் நம் தேசத்தில் ஆட்குறைப்பைப் பற்றிய சட்டம் பிறந்ததே ஒரு நெருக்கடியில்தான். 1953-இல் ஜவுளி ஆலைகளில் விற்காத சரக்கு குவிந்து, பெருந்தொகையான தொழிலாளர் வேலையின்றி நிறுத்தப்படும் அபாயம் தோன்றிய வேளையில், அவ்வாண்டு அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து பின்னர் நிலையான சட்டமானது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் திருத்தம். தற்காலிகமாக வேலை மறுக்கப்பட்டவனுக்குப் பாதிச் சம்பளமும், ஆட்குறைப்புக்கு ஆளானவனுக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளமும், கடைசியாகச் சேர்ந்தவனே முதலில் நீங்குவது என்னும் முறையும் அத்திருத்தத்தின் கொடைகள். முடைக் காலத்தில் பாதுகாப்பைத் தளர்த்துவதே உலக இயல்பு என்போர்க்கு இது தக்க மறுமொழியாகும்.

1974-இலோ காட்சி மாறியது. எண்ணெய் விலை ஏறி, விலைவாசி கட்டுமீறிய அவ்வாண்டில், மே மாதத்து ரயில்வே வேலைநிறுத்தம் கடுமையாக அடக்கப்பட்டதையடுத்து, கூடுதல் சம்பளம் முழுவதையும் கூடுதல் பஞ்சப்படியில் பாதியையும் கட்டாயச் சேமிப்பாக நிறுத்திவைக்கும் சட்டம் வந்தது. மறு ஆண்டு அவசரநிலைப் பிரகடனத்துக்குப் பின் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவிகிதத்திலிருந்து 4 சதவிகிதமாக இறக்கப்பெற்று, 1977-இல் ஆட்சி மாறிய பின்னரே பழைய அளவுக்கு மீண்டது. ஆனால் அதே அவசரநிலைக்குள், 1976 மார்ச்சில், 300 பேருக்குக் குறையாத தொழிலாளரைக் கொண்ட ஆலைகளில் ஆட்குறைப்புக்கும் மூடுதலுக்கும் சர்க்காரின் முன் அநுமதி வேண்டும் என்னும் அத்தியாயமும் சட்டத்தில் சேர்ந்தது. 1982-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பை 100 ஆக்கிற்று. வேலைநிறுத்தம் செய்யும் சக்தியைத் தொழிலாளியிடமிருந்து பறித்துக்கொண்ட ஆட்சி, வேலைக்குப் பாதுகாப்பு அளிக்கும் சக்தியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது என்று இதைச் சொல்லலாம். பாதுகாப்பு கிடைத்தபோதிலும் குரல் கிடைக்கவில்லை.

1991-ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி சில வாரத்து இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அளவுக்குத் தேய்ந்து, தங்கம் அயல்நாட்டுக்கு அடகு போய், ஜூலைத் தொடக்கத்தில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டபோது, தொழிற்சட்டமும் தளரப்போகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. தொழிலாளரை மறுபயிற்சிக்கு அனுப்பும் நோக்கத்தோடு 1992 பிப்ரவரியில் ஏற்பட்ட தேசிய புதுப்பித்தல் நிதி, பெரும்பாலும் பொதுத்துறையில் விருப்ப ஓய்வுக்கே செலவாயிற்று. அதே 1992-இல், மதுரை மீனாட்சி மில் தொழிலாளர் வழக்கில், ஆட்குறைப்புக்கு முன் அநுமதி கோரும் பிரிவு அரசியல் சாசனத்துக்கு இணங்கியதே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் நின்ற இடத்திலேயே நிற்க, ஆள் எடுக்கும் முறை அதைச் சுற்றிக்கொண்டு சென்றது: ஆலையின் நேரடிப் பதிவேட்டில் சேராத ஒப்பந்தத் தொழிலாளரின் பங்கு, 1990-களில் ஐந்தில் ஒன்றுக்கும் கீழாக இருந்தது, அண்மைக் கணக்கெடுப்புகளில் பத்தில் நான்கை எட்டியுள்ளது. விதியை மாற்றாமலே விதியின் பயனைக் குறைக்கலாம் என்பதை அரைப்பேர் முறைக்குப் பின் மறுபடியும் இங்கே காண்கிறோம்.

தமிழ்நாட்டில் மூன்று நிகழ்ச்சிகள்

நம் மாகாணத்தில் சிக்கன நடவடிக்கை தொழில் உறவைத் தாக்கிய மிகக் கடுமையான நிகழ்ச்சி 2003-ஆம் ஆண்டினது. கஜானாவின் நிலையைக் காரணம் காட்டிச் சர்க்கார் ஓய்வுக்காலச் சலுகைகளைச் சுருக்கியதை எதிர்த்து ஜூலைத் தொடக்கத்தில் ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்க, அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தும் அவசரச் சட்டத்தின் பலத்தால் ஏறத்தாழ 1,70,000 பேர் விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஆகஸ்டு 6-ஆம் தேதி உச்சநீதிமன்றம், சர்க்கார் ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்று கூறிற்று; நீக்கப்பட்டவரில் மிகப் பெரும்பாலோர் வருத்தந் தெரிவித்துத் திரும்பவும் பணியில் சேர்க்கப்பட்டனர். வேலை திரும்பிவந்தது. ஆனால் அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் சேர்ந்தவர்க்கென ஏற்பட்ட பங்களிப்பு ஓய்வூதிய முறை, அந்நாளைய முடை தீர்ந்து கட்சிகள் மாறிமாறி ஆட்சிக்கு வந்த பின்னும் ஊழியர் சங்கங்களின் ஓயாத குறையாகத் தொடர்ந்தது. ஓராண்டின் பற்றாக்குறைக்காகச் செய்த மாற்றம் ஒரு தலைமுறையின் முதுமையை நிர்ணயித்துவிட்டது.

இரண்டாவது, 2020-ஆம் ஆண்டுத் தொற்றுக்காலம். தமிழ்நாட்டில் பஞ்சப்படி உயர்வும் ஈட்டிய விடுப்பைச் சரண் செய்யும் சலுகையும் நிறுத்தப்பெற்று, ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆகவும் மறு ஆண்டு 60 ஆகவும் உயர்ந்தது. ஓய்வுபெறுவோர்க்கு உடனே தரவேண்டிய தொகையைத் தள்ளிப்போடுவதற்கு இது உதவிற்றேனும், அதன் மறுபக்கம் தேர்வெழுதிக் காத்திருந்த இளைஞர்மேல் விழுந்தது. பிற மாநிலங்களுள் உத்தரப் பிரதேசம் பெரும்பாலான தொழிற்சட்டங்களை மூன்றாண்டுக்கு நிறுத்திவைக்க அவசரச் சட்டம் செய்ய முற்பட்டது. குஜராத், பன்னிரண்டு மணி வேலைக்கு இடமளித்து, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி தரவேண்டியதில்லை என்றும் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி உச்சநீதிமன்றம் அவ்வறிவிப்பை ரத்துசெய்து, தொற்றுநோயால் நேர்ந்த பொருளாதாரத் தாழ்வு தேசத்தின் பந்தோபஸ்தை அச்சுறுத்தும் பொது அவசரநிலையாகாது என்று விளக்கி, மிகைநேரக் கூலியைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. இதற்கிடையே செப்டம்பரில் பாராளுமன்றம் மூன்று தொழிற்சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றியது. அவற்றுள் ஒன்று ஆட்குறைப்பு அநுமதிக்கான வரம்பை 100-லிருந்து மறுபடியும் 300 ஆக்கிற்று. சர்க்கார், முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பாரும் கூடும் இந்தியத் தொழிலாளர் மாநாடு 2015-க்குப் பின் கூட்டப்பெறாதிருந்த நிலையில்தான் இவை நிறைவேறின. 2019-ஆம் ஆண்டுக் கூலித் தொகுப்பையும் சேர்த்து நான்கும் 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தன. குறித்தகால வேலையினர்க்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு என்பதும், இணைய வழி வேலையாட்களின் பெயர் முதன்முதலாகச் சட்டத்தில் ஏறியதும் இவற்றின் நற்கூறுகள் என்பதை மறைத்தல் நியாயமன்று.

மூன்றாவது நிகழ்ச்சி மாறுபட்ட பாடம் புகட்டுவது. 2023 ஏப்ரல் 21-இல் வேலை நேர விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்க வழிசெய்யும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேற, தோழமைக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஒருமுகமாய் எதிர்க்க, சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பெற்று, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சரால் அறிவிக்கப்பட்டது. சங்கங்களின் குரல் சட்டம் நிறைவேறுமுன் கேட்கப்பட்டிருந்தால் அந்தப் பத்து நாள் அலைச்சலே நேர்ந்திராது.

கடன்காரர் விதித்த சட்டங்கள்

2008-ஆம் ஆண்டுக்குப் பிந்திய ஐரோப்பா, நம் வினாவுக்குரிய பரிசோதனைச் சாலை போன்றது. கிரேக்க தேசம் 2010 மே மாதத்தில் முதற் கடனுதவியைப் பெற்று, இரண்டாம் உதவிக்கு நிபந்தனையாக 2012 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதக் கூலியை 751 யூரோவிலிருந்து 586 ஆக, அதாவது 22 சதவிகிதம், குறைத்தது. 25 வயதுக்குட்பட்டோர்க்கு வெட்டு 32 சதவிகிதம். தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் சங்கமும் கூடிப் பேசி நிர்ணயித்து வந்த கூலியை அயல்நாட்டுக் கடன்காரரின் நிபந்தனை மாற்றியது என்பதே இதன் விசேஷம். கூலி குறைந்தால் வேலை பெருகும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, 2013-இல் நான்கில் ஒருவருக்குமேல் வேலையற்றிருந்தனர். பழைய 751 யூரோவைக் குறைந்தபட்சக் கூலி மீண்டும் தாண்டியது 2023 ஏப்ரலில்தான்.

போர்ச்சுகலில், சர்க்கார் ஊழியர்க்கும் ஓய்வூதியர்க்கும் உரிய 13-ஆம், 14-ஆம் மாதச் சம்பளங்களை நிறுத்திவைத்தது சமத்துவத்துக்கு விரோதம் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2012 ஜூலையில் தீர்ப்புக் கூறிற்று. ஸ்பெயினில் 2012-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், நியாயமற்ற பணிநீக்கத்துக்கு ஆண்டுக்கு 45 நாள் சம்பளமாயிருந்த நஷ்டஈட்டை 33 நாளாக்கி, துறை முழுவதற்குமான ஒப்பந்தத்தைவிடத் தனிக் கம்பெனியின் ஒப்பந்தத்துக்கு முதன்மை தந்தது. 2021 டிசம்பரில் முத்தரப்பாரும் ஒத்துக்கொண்டு செய்த மாற்றத்தால் கூலி விஷயத்தில் துறை ஒப்பந்தத்தின் முதன்மை மீண்டும் நிலைபெற்று, தற்காலிக வேலை ஒப்பந்தங்களும் கட்டுக்குள் வந்தன. பாராளுமன்றத்தில் அது பிழைத்தது ஒரே ஒரு வாக்கு மிகுதியால். ஆயினும் 45 நாள் நஷ்டஈடு அம்மாற்றத்தில் மீளவில்லை. குறைப்பது எளிது, மீட்பது அரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

ஜெர்மனி இம்முறை 1931-இன் வழியைப் பின்பற்றவில்லை. 2009-இல் உற்பத்தி ஐந்து சதவிகித அளவு சுருங்கியும், ஆட்களை நீக்காமல் வேலை மணிகளைக் குறைத்து, இழந்த சம்பளத்தில் பெரும்பகுதியை அரசின் காப்புறுதி நிதியிலிருந்து கொடுக்கும் குறுவேலைத் திட்டத்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேரைச் சேர்த்து, வேலையின்மை பெருகாதபடி காத்துக்கொண்டது. பேரத்துக்குப் பழகிய சங்கங்களும் ஆலைக்குழுக்களும் இருந்தமையால் இது சாத்தியமாயிற்று. தென்கொரியா நடுவழியில் நிற்பது. 1997 டிசம்பரில் சர்வதேச நிதியத்தின் கடனை ஏற்ற அத்தேசம், 1998 பிப்ரவரியில் முத்தரப்பு உடன்படிக்கையின்வழி நிர்வாகக் காரணத்துக்காக ஆட்களை நீக்க இடங்கொடுத்து, அதற்கு ஈடாக வேலையிழப்புக் காப்புறுதியை எல்லாத் தொழிலிடங்களுக்கும் விரித்து, 1999-இல் ஆசிரியர் சங்கங்களைச் சட்டபூர்வமாக்கி, அடிப்படை வாழ்க்கைப் பாதுகாப்புச் சட்டத்தையும் இயற்றியது. அங்கே நிரந்தரமற்ற வேலைகள் பெருகிய குறை தீரவில்லை. ஆனாலும் ஒன்றை இழந்து ஒன்றைப் பெற்ற பேரம் அது.

அண்டை வீட்டில்

இலங்கை 2022 ஏப்ரலில் அயல்நாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென அறிவித்து, அவ்வாண்டு செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் ஏறத்தாழ 70 சதவிகிதத்தைத் தொட்டபோது, தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021-இல் நிர்ணயமான 1,000 ரூபாயிலேயே நின்றது. கூலியைச் சட்டம் குறைக்கவில்லை, விலைவாசி குறைத்துவிட்டது. 2024 செப்டம்பரில்தான் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாயிற்று. சர்க்கார் ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமில்லா விடுப்பில் அயல்நாட்டு வேலைக்குச் செல்லலாம் என்று 2022 ஜூனில் உத்தரவு பிறந்தது. 2023-இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமையில் பெரும்பங்கு ஊழியர் சேமலாப நிதியின்மேல் ஏற்றப்பெற்றது. தொழிலாளரின் முதுமைச் சேமிப்பு வங்கிகளின் முதலைவிட எளிதில் எட்டக்கூடியதாயிருந்தது என்பதே அதன் பொருள். சிங்கப்பூரும் 1999 ஜனவரியில், ஆசிய நெருக்கடியை முன்னிட்டு, மத்திய சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கை 20 சதவிகிதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தது. வளைகுடாவில் எண்ணெய் விலை வீழ்ந்த 2016-இல் சவூதி அரேபியாவின் பெருங்கட்டுமானக் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான இந்தியர் மாதக்கணக்கில் சம்பளமின்றி முகாம்களில் கிடந்து, இந்திய சர்க்காரின் உதவியால் ஊர் திரும்பினர். 1930-இன் கப்பல் சீட்டு இப்போது விமானச் சீட்டாயிற்று என்பதன்றி வேறுபாடு அதிகமில்லை.

முடிபு

இவ்வளவையும் தொகுத்து நோக்கின் நான்கு உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, பாதுகாப்பைக் குறைத்தால் வேலை பெருகும் என்பது நிரூபணமான விதியன்று. 1994-இல் தளர்ச்சியையே மருந்தாகச் சொன்ன பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சிக் கழகம், 2018-இல் வெளியிட்ட வேலைக் கொள்கையில் கூட்டுப்பேரத்தின் நன்மையை ஒப்புக்கொண்டது. இந்தியாவில், தொழிலாளர்க்குச் சாதகமாகச் சட்டத்தைத் திருத்திய மாநிலங்களில் ஆலைத்தொழில் தேய்ந்தது என்று பெஸ்லியும் பர்ஜெஸ்ஸும் 2004-இல் வெளியிட்ட முடிவு பெரிதும் பேசப்பட்டதெனினும், அவர்கள் திருத்தங்களைத் தரம் பிரித்த முறையையே ஆதித்ய பட்டாச்சார்ஜியா முதலியோர் மறுத்துள்ளனர். இரண்டாவது, தற்காலிகம் என்று சொல்லிப் பறித்தவை தாமாகத் திரும்பி வருவதில்லை. மூன்றாவது, நீதிமன்றம் சிலவேளை அரணாகிறது, சிலவேளை ஆகவில்லை. 2003-இன் தீர்ப்பையும் 2020-இன் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் அதை மட்டும் நம்பியிரார்.

நான்காவதே நம் போன்ற ஊர்களுக்கு முக்கியமானது. ஆலைத் தொழிலாளியைப் பற்றிய இத்தனை வாதங்களுக்கும் வெளியே வயற்கூலியும் கொத்தனாரும் சித்தாளும் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தளர்த்துவதற்கு உரிய பாதுகாப்பே முதலில் இருந்ததில்லை. 2005-இல் இயற்றப்பெற்று 2008-க்குள் நாடெங்கும் பரவிய நூறு நாள் வேலைச் சட்டமும், 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் நம் மாநிலத்தில் தோன்றிய நலவாரியங்களுமே அவர்கள் கண்ட தொழிற்சட்டம். 2020-இல் நகரங்களிலிருந்து ஜனங்கள் கிராமங்களுக்குத் திரும்பியபோது, நூறு நாள் வேலைக்கு முதலில் ஒதுக்கிய 61,500 கோடி ரூபாய்க்குமேல் 40,000 கோடியை மத்திய சர்க்கார் சேர்த்துக் கொடுத்தது, நெருக்கடியில் சட்டம் விரியவும் கூடும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று. நலவாரிய நிவாரணமோ பதிவு செய்தவர்க்கே கிடைத்தது.

நெருக்கடிகள் இனியும் வரும். சிக்கனமும் சில வேளைகளில் தவிர்க்க முடியாததே. அப்போது தொழிற்சட்டத்தில் கைவைக்கும் எந்த ஆட்சியிடமும் நாம் கேட்கவேண்டியவை மூன்று: இந்த மாற்றம் எந்தத் தேதியில் முடிவுறும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா, இதனால் இழப்பவர்களின் பிரதிநிதிகள் இது நிறைவேறுமுன் அழைத்துக் கேட்கப்பட்டார்களா, பறிக்கப்படுவதற்கு ஈடாகக் கொடுக்கப்படுவது என்ன? இம்மூன்றுக்கும் விடையில்லாத சட்டத்தைச் சிக்கனம் என்று அழைப்பது தகாது. அது ஒருவர் பட்ட கடனை மற்றொருவர் கூலியிலிருந்து வசூலிப்பதேயாகும். ஆகவே சங்கத்தில் சேராதவர் சேர்தலும், நலவாரியத்தில் பெயர் பதியாதவர் பதிதலும், கிராமசபையில் கூலிக் கணக்கைக் கேட்டலும், அடுத்த நெருக்கடி வந்த பின்னர் அல்ல, அது வருமுன்னரே செய்யவேண்டிய காரியங்கள்.